செல்வம் பேஸை நிறுத்திய இடம்

மூடிக் கிடக்கும் டீ ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? மாதக்கணக்கில் இலை வராவிட்டாலும் பழைய தேயிலைத் தூளின் வாசம் மூக்கில் ஏறும். கை தட்டினால் நான்கு முறை திரும்பக் கேட்கும்...

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷங்கள். குன்னூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் பண்ணுவது டப் ரெகே. பாட்டை உருவிவிட்டு, டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் எதிரொலியில் ஊறப்போடும் சங்கீதம். எக்கோ மெஷின் வாங்க வக்கில்லை. இலையை வாட வைக்கும் மேல்மாடியோ காலியாகக் கிடந்தது. ஒரு கோடியில் ஸ்பீக்கர், மறுகோடியில் மைக்... தீர்ந்தது கவலை!

வாட்ச்மேன் சுப்பண்ணன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஏனுங்க தம்பி, எலை வந்துச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துப்போடோணும், பாத்துக்குங்க."

பேஸ் வாசித்தவன் என் சிநேகிதன் செல்வம். அதே ஃபேக்டரியில் இலையை உருட்டும் ரோலர் மெஷின் ஓட்டியவன். வேலை போனதும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பத் தயாராகிவிட்டான். மறுநாள் காலை பஸ். அன்றே அவன் வாசிப்பைப் பதியாவிட்டால் என் முதல் கேசட் அம்போ.

பிரமாதமாக வாசித்தான். முக்கால்வாசி தாண்டியிருக்கும்...

திடீரென்று ஃபேக்டரி சங்கு ஊதியது. இலை லாரி வந்துவிட்டது, ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்!

செல்வம் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"எலை வந்துருச்சுடா மாப்ள! நான் போறேன்!"

படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். எனக்கு அழுகையே வந்தது. டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் நான் முன்பே பதிந்துவைத்த டிரம்ஸ், சங்கு, அவன் கடைசியாகத் தொட்ட நோட்டின் எதிரொலி...

மறுநாள் மாடி முழுக்கப் பச்சை இலை. கை தட்டிப் பார்த்தேன். ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த டேக்கையே கேசட்டில் போட்டேன். அதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது.

இன்று சொந்த ஸ்டுடியோ, வெளிநாட்டு மேடைகள். லேப்டாப்பில் நூறு விதமான எக்கோ. என் தொழிலில் நான் கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் போகிற இடமெல்லாம் அந்தப் பழைய ட்ராக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சங்கு ஊதும்போது பேஸை நிறுத்தினீர்களே, எப்படித் தோன்றியது என்று.

எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். அந்த நிறுத்தம் மட்டும் திரும்ப வரவேயில்லை.

எப்படி வரும்? பேஸை நிறுத்தியது நானா? செல்வத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.