நாலாவது சுவிட்ச்

1. பதினோரு மணி போன்

"கஸ்தூரிம்மா, பம்பு நின்னுபோச்சு. மீனுங்கல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. ஜல்தி வாங்க!"

பேசியது தாமோதரன் அண்ணன். ஆரணியில் எட்டு பவர்லூம் வைத்துப் பட்டுப்புடவை நெய்து விற்பவர். அவருடைய ஹாலில் நான் போட்டுக்கொடுத்த கடல் தொட்டி இருந்தது. அந்த நேரத்தில் நான் பெரணமல்லூரில் ஒரு கிளினிக்கில் தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை, ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டேன்.

மீன் தொட்டித் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருஷம். தங்கமீன் தொட்டியில் பம்பு நின்றால் ஓடமாட்டேன், மெதுவாகத்தான் போவேன். கடல் தொட்டி அப்படியில்லை. அதில் பவளம் உயிரோடு இருக்கிறது. பவளத்துக்குக் கால் கிடையாது, சாப்பாடு தேடிப் போகாது. தண்ணீர்தான் அதைத் தேடிப் போகவேண்டும். ஓட்டம் நின்றால் தண்ணீரில் காற்று குறையும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரம்தான் தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஏனென்றால் அந்தப் பம்பைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

2. எத்தனை ஹெச்பி?

பம்பு வாங்கும்போது அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி ஹெச்பி?"

"ஹெச்பி இல்லீங்கண்ணா, முப்பது வாட்ஸ்."

"இன்னாம்மா, நம்ம வூட்டு ஃபேனே அதுக்கு மேல இருக்கும். முப்பது வாட்ஸ்ல கடலு ஓடுமா?"

ஓடும் என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். தொட்டியில் நானூறு லிட்டர் தண்ணீர் என்றால், மென்மையான பவளத்துக்கு அதைப்போல் இருபது மடங்கு, அதாவது மணிக்கு எட்டாயிரம் லிட்டர் ஓட்டம் வேண்டும். அதுவும் ஹோஸ் பைப்பில் அடிப்பதுபோல் ஒரே இடத்தில் அடிக்கக்கூடாது, சதை கிழிந்துவிடும். அகலமாகத் தள்ளவேண்டும். தண்ணீரில் படுகிற இடத்தில் உலோகமே இருக்கக்கூடாது. செம்போ பித்தளையோ கொஞ்சம் கரைந்தாலும் பவளத்துக்கு விஷம். உள்ளே சுற்றுகிற இம்பெல்லர் தனியாகக் கடையில் கிடைக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டுக்காக முழுப் பம்பையும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நின்றுபோனால் திரும்பக் கிளம்புகிறதா என்பது. ஓடிக்கொண்டே இருக்கிற பம்பு எல்லாம் நல்ல பம்புதான். கரண்ட் போய் வந்த பிறகு ஓடுவதுதான் உண்மையில் நல்ல பம்பு. கடையில் வாளித் தண்ணீரில் போட்டு இருபது தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்பிப் பார்ப்பேன். ஒரு தடவை முக்கினாலும் வேண்டாம் என்று வைத்துவிடுவேன்.

அண்ணனுக்கு வாங்கிய பம்பு இருபதுக்கு இருபது கிளம்பியது. போதாததற்கு அதன் லைனை இன்வெர்ட்டரில் கொடுக்கச் சொன்னேன். கரண்ட் போனாலும் நிற்கவே நிற்காது என்று மார்தட்டிச் சொன்னேன்.

"சத்தம் வருமா? வியாபாரம் பேசறப்ப கொர்ருனு இருந்தா பேஜாரு."

"காத வெச்சுக் கேட்டாலும் வராதுங்கண்ணா."

வரவும் இல்லை. அதனால்தான் அது நின்றபோது யாருக்கும் தெரியவில்லை.

3. நான் போனால் ஓடுகிறது

அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் கீழே இறங்கிவிட்டன.

"பிளக்கப் புடுங்கி மாட்டினேன், எல்லா சுவிட்சையும் தட்டினேன், தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அண்ணன். முகமெல்லாம் வேர்வை.

தானாக ஓடினால் தானாக நிற்கும். கழற்றினேன், இம்பெல்லரை எடுத்துப் பார்த்தேன். அழுக்கில்லை, சுண்ணாம்பு படியவில்லை. மறுபடி இருபது தடவை போட்டுப் பார்த்தேன். கடிகாரம் மாதிரி கிளம்பியது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கொளத்தூரில் எனக்குச் சரக்கு கொடுக்கிறவரைப் போனில் கூப்பிட்டு, "இன்னா சரக்கு அனுப்பறீங்க?" என்று சத்தம் போட்டுப் புதுப் பம்பு வாங்கி மாட்டினேன்.

பத்து நாள் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் மறுபடி போன். மறுபடி ஓடினேன். மறுபடி, நான் போகும்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை மஞ்சள் மீன் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. வெல்வெட் மாதிரி விரிந்திருக்கும் பவளம் சுருங்கிக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலைபோட்டு அந்த மீனை எடுத்தேன். நாலு மாசம் என் கையால் தின்ற மீன் அது.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "கஸ்தூரிம்மா, இன்னொரு தபா நின்னுச்சுனா தொட்டிய நீங்களே எடுத்துகினு போயிடுங்க. சாவுறத என்னால பாக்க முடியல" என்றார்.

ஆரணியில் நான் போட்ட முதல் கடல் தொட்டி அது. அதை இறக்கிக்கொண்டு தெருவில் போனால் அடுத்த தொட்டியை எவர் தருவார்? கொளத்தூர்க்காரரை இரண்டாம் தடவையாகத் திட்டினேன். அவர் பொறுமையாக, "அக்கா, இதே பம்பு நூறு வீட்ல ஓடுது. உங்க ஒரு வீட்ல மட்டும் ஏன் நிக்குது?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

சாப்பாடு இறங்கவில்லை. போன் அடித்தால் பயமாக இருந்தது. அடிக்காவிட்டால் அதற்கும் பயம்.

4. காவல்

மறுநாளிலிருந்து மற்ற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு அண்ணன் ஹாலிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து தொட்டியைப் பார்ப்பேன். பக்கத்தில் தறி ஷெட், நடுவில் ஒரு கதவு. கதவோரச் சுவரில் சுவிட்ச் போர்டு, தறிக்கும் பம்புக்கும் அது ஒன்றுதான். புடவை பார்க்க வந்த வியாபாரி ஒருவர், "யாரு இந்தம்மா, மீனுக்கு நர்ஸா?" என்று கேட்டார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

வெயில் ஏறிய அந்த மாசம்தான் பகலில் கரண்ட் போக ஆரம்பித்திருந்தது. மூன்றாம் நாள் பத்தரை மணிக்கும் போனது. ஷெட்டில் தறிச் சத்தம் ஒரே அடியாக அடங்கியது. தொட்டியில் ஓட்டம் நிற்கவில்லை, இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

கதவு திறந்தது. தறி நாடாவுக்கு நூல் சுற்றுகிற, அதாவது தார் சுற்றுகிற அமுதா வந்தாள். என் வயசுக்காரி, அந்த ஷெட்டிலேயே பழைய ஆள். போர்டில் நாலு சுவிட்ச். டக், டக், டக், டக். நாலையும் அமுக்கி அணைத்துவிட்டுத் திரும்பினாள். பவளம் ஆடுவதை நிறுத்தியது.

நான் போர்டையே பார்த்தபடி உட்கார்ந்தேன். என்ன நடக்கிறது என்று முழுசாகப் பார்க்கவேண்டும்.

இருபது நிமிஷத்தில் கரண்ட் வந்தது. தறிக்காரர் ஒருவர் வந்து முதல் சுவிட்சைப் போட்டார். தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர் இரண்டாவதைப் போட்டார். அமுதா மூன்றாவதைப் போட்டாள். கதவு மூடியது. நாலாவது அப்படியே கிடந்தது.

நானே எழுந்துபோய் அதைப் போட்டேன். தண்ணீர் ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

5. யாரு மிஷினு?

"அமுதா! இங்க வா" என்று நான் கூப்பிட்ட சத்தத்தில் அண்ணனும் ஓடிவந்தார். விஷயம் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்தது. "நீதானா? ஒரு பம்ப மாத்த வெச்சு, ஒரு மீன சாவடிச்சு..."

அமுதா பயப்படவில்லை, குழம்பித்தான் நின்றாள். "கரண்ட் போனா போர்ட அமுக்குன்னு நீங்கதான மொதலாளி சொன்னீங்க? அமுக்காம வுட்டா, கரண்ட் வரும்போது தறி தானா எகிறி பாவு அறுந்துபூடும். எவன் கையாவது உள்ள இருந்தா கையே பூடும்."

"அமுக்கின, சரி. கரண்ட் வந்ததும் போட வேண்டியதுதான?"

"அது எப்படி மொதலாளி? அமுக்கறது யார் வேணா அமுக்கலாம். போடறது அவங்கவங்க மிஷின அவங்கவங்கதான போடணும்? அடுத்தவங்க மிஷினுக்கு நான் எப்படி சுவிட்சு போடுவேன்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நாலாவது சுவிட்சு யாரு மிஷினுன்னு எனக்கு யாரு சொன்னாங்கக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, வெட்கம்தான் மிச்சம் இருந்தது. அவள் கற்றது தப்பே இல்லை. எட்டுத் தறி ஓடுகிற இடத்தில் யாருடைய கையும் போகாமல் இருப்பது அந்தப் பழக்கத்தால்தான். முதலாளிக்கு நான் அரை மணி நேரம் வாட்ஸும் லிட்டரும் பாடம் எடுத்தேன். போர்டில் கை வைக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அண்ணா, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது" என்றேன்.

அமுதாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனேன். தொட்டி வந்து நாலு மாசம், சுவருக்கு அந்தப் பக்கமே வேலை செய்கிறாள், கிட்டே வந்து பார்த்ததே இல்லையாம். பம்பைக் காட்டினேன். இது நின்றால் இதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றேன்.

"அய்யோ, அப்ப அந்த மஞ்ச மீனு..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு, சுருங்கியிருந்த பவளத்தைக் கண்ணாடி வழியே சுட்டிக்காட்டிச் சொன்னாள்: "அக்கா, அப்ப இனிமே அது என் மிஷினு."

அன்று சாயந்திரமே கொளத்தூர்க்காரரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தே சிரித்தார். அதற்குப் பிறகு பம்பை நான் மாற்றவில்லை. இன்றைக்கும் அதே பம்பு, அதே முப்பது வாட்ஸ்.

இப்போது புதுத் தொட்டி கேட்டு யார் கூப்பிட்டாலும், எத்தனை லிட்டர், எத்தனை வாட்ஸ் என்பதெல்லாம் பிறகுதான். "கரண்ட் போனா சுவிட்சுல கை வெக்கறது யாருங்க?" என்று முதலில் கேட்பேன். வீட்டுக்காரர், "நான்தான்" என்று முன்னால் வருவார்.

"நீங்க இல்லீங்க, உண்மையா கை வெக்கறவங்களக் கூப்பிடுங்க" என்பேன். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பம்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.