அப்பாவுக்குக் கண்டியில் ஒரு கடை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ட்ரிப் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குடும்பமும் தனியாகப் போகாது. வரிசை வீடுகளில் இருக்கும் லயமே சேர்ந்து பஸ் பிடிக்கும். முன்கண்ணாடியில் வேப்பிலை கட்டி, அண்டா, அரிசி, விறகு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமமோ முன்னேஸ்வரமோ போய், வழியில் ஓர் ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிட்டு, பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வரும். மறுநாள் காலையில் அதே கால்வீக்கத்தோடு பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு நாங்கள் மூன்று பேர் மட்டும் யாழ்ப்பாணம் போகத் திட்டம் போட்டோம். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"பெரிய எடத்துப் பழக்கமெல்லாம் வந்திருச்சு. இனி நம்மளயெல்லாம் எதுக்குக் கூப்பிடப் போறீங்க?" என்றார்.

அவருக்குக் காரணத்தை விளக்கிச் சொன்னேன். மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் லயத்தில் இருந்து வளாகம் போகும் முதல் பெண் அவள். முதல் வருடம் விடுதியில் இடம் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள், நம்ப முடியாது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். "அவள் எங்கட பிள்ளை, எங்கட வீட்டில நிண்டு படிக்கட்டும்" என்று மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கிய நாளிலேயே சொன்னவள். வளாகம் தொடங்குவதற்கு முன் மகளை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பழக்கிவிட வேண்டும். போவதுதான் போகிறோம், ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம். திட்டம் அவ்வளவுதான்.

அவளும் நானும் கண்டியில் படித்த காலத்தில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். அவளுக்குக் கல்யாணமான பிறகு, அநேகமாக ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் கணவன் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சீசன் காலத்தில் எங்களுக்குப் பக்கத்து நுவரெலியாவில் அறை எடுப்பவன் தோலை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். எங்கள் வீடு லயத்துக் காம்பராதான் என்றாலும், பின்பக்கம் இரண்டு அறை நீட்டிக் கட்டியிருந்தோம். அந்த இரண்டையும் அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் அடுப்படியில் பாய் போட்டுக்கொள்வோம். குளிர் தாங்காத பிள்ளைகளுக்கு விடிய முன்னமே எழுந்து விறகு வைத்து வெந்நீர் போடுவேன். என் கணவர் தேயிலை ஃபெக்டரியில் சுப்பவைசர். அவர்களை ஃபெக்டரிக்குள் கூட்டிப் போய், கொழுந்து வாடுவதில் தொடங்கித் தூளாகிச் சாக்கில் விழுவது வரை ஒன்று விடாமல் விளக்குவார். வருடா வருடம் அதே விளக்கம். தோழியின் கணவர் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்பார். போகும்போது லீக்ஸ், கரட், நல்ல தூள் என்று டிக்கி நிரம்பிவிடும். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் வேனில் ஏறுவாள். அந்த அழுகை பொய்யில்லை. மகள் பரீட்சைக்குப் படித்தபோது அங்குள்ள நல்ல வாத்திமாரின் குறிப்புகளைத் தேடி எடுத்துக் கட்டுக்கட்டாக அனுப்பி வைத்தவளும் அவள்தான். இவ்வளவு கோபத்திலும் அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் மட்டும் அவள் வீட்டுக்குப் போனதே இல்லை. முதலில் யுத்தம் என்றார்கள், பிறகு பிள்ளை சின்னது என்றோம், பிறகு லீவு கிடைக்கவில்லை. ஏதோ ஒன்று தட்டிப் போய்க்கொண்டே இருந்தது.

ஓகஸ்ட் லீவுக்குப் போவதென்று முடிவான நாள் முதல் என் கணவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கண்டிக்குப் போய் அங்கிருந்து யாழ்ப்பாண பஸ். நல்லூரில் தேர். கீரிமலையில் குளியல். படகேறி நயினாதீவு. கசூரினா கடற்கரை. பருத்தித்துறையில் நாட்டின் வடக்கு முனையில் நின்று ஒரு போட்டோ. எல்லாவற்றையும் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்துக்கொண்டு சாப்பிடும்போதும் அதையே பேசினார்.

"நல்லூர் திருவிழா முடியற வரைக்கும் அவங்க வீட்ல மச்சம் மாமிசம் இருக்காது. நம்மளும் இப்பருந்தே விட்டிருவோம். அங்க போயி நாக்கு கேட்டுச்சுன்னா அசிங்கம்" என்றார்.

"அப்பா, நம்ம போறது லீவுக்கு. மாலை போட்டுக்கிட்டு மலைக்கில்ல" என்று மகள் கேலி செய்தாள். ஆனால் அவளும் கோழிக்கறியைத் தொடவில்லை.

நாங்கள் வருகிறோம் என்று நான் சொன்னபோது தோழி சந்தோஷப்பட்டாள். "கட்டாயம் வாங்கோ" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நல்லூருக்குக் கிட்ட நல்ல லொட்ஜ் ஒண்டு இருக்கு. இவரிட்டச் சொல்லி அறை எடுத்து வைக்கட்டே? உங்களுக்கும் வசதியா இருக்கும்" என்றாள்.

இங்கேதான் நான் மடைச்சியானேன். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர்களை லொட்ஜுக்கு அனுப்பினால் லயமே காறித் துப்பும். இடமில்லை என்றால் வீட்டுக்காரர் எழுந்து அடுத்த காம்பராவில் போய்ப் படுப்பாரே தவிர, வந்தவரை வெளியே அனுப்ப மாட்டார். வந்தவரும் லேசில் ஒப்புக்கொள்ளக் கூடாது. "உங்களுக்குச் சிரமம் வேணாங்க" என்று இவர் சொல்ல வேண்டும், "என்ன சிரமம், சும்மா இருங்க" என்று அவர் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரம் இழுபறி நடக்க வேண்டும். மரியாதை என்றால் அதுதான் என்று வளர்ந்தவள் நான். அவளும் அந்த இழுபறியைத்தான் நடத்துகிறாள், எங்களுக்கு வசதிக் குறைவாக இருக்குமே என்று கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"லொட்ஜா? நாங்க என்ன வெளியாளா? ஒரு பாய் போட்டா போதும், எங்கயும் படுத்துக்குவோம். ஒன் வீடு இருக்கறப்ப லொட்ஜுக்குப் போனா என் புருஷன் என்னய வீட்டுக்குள்ள விட மாட்டாரு" என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அறைப் பேச்சை எடுத்தாள். நான் மறுபடியும் சிரித்து மறுத்தேன். ஒருத்தி தன் வீட்டு வாசலில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். நான் முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகள்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்தாள். கணவர் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், இரவல் வாங்கிய சூட்கேசின் ஸிப்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உம்மோட ஒரு விஷயம் கதைக்க வேணும். குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்கினாள். "எங்களோட இருக்கிற அம்மா பழைய ஆள். உமக்கு விளங்கும்தானே. விடுதியில இருக்கேக்குள்ளயே நான் அவவுக்கு நீர் கண்டி ஆள் எண்டுதான் சொன்னனான். கண்டி டவுனில உம்மட அப்பா கடை வச்சிருந்தவர் எண்டு. இப்ப வந்து மாத்திச் சொல்லேலாது. நீங்களும் அப்பிடியே சொல்லிவிட்டா ஒரு பிரச்சினையும் இல்லை."

எனக்கு முதலில் புரியவில்லை. மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்பதுபோலப் பேசிக்கொண்டே போனாள்.

"தோட்ட ஆக்கள் எண்டா அம்மா குசினிக்குள்ள விடமாட்டா. பிள்ளை நாலு வருஷம் நிக்கப் போறாள், ஏன் தேவையில்லாத கதை? உம்மட அவரிட்ட மட்டும் கொஞ்சம் சொல்லி வையும். ஃபெக்டரி, கொழுந்து, பெரட்டு எண்டு கதைக்கத் தொடங்கினா அம்மா உடன பிடிச்சுப்போடுவா. அவர் கனக்கக் கதைக்காமல் இருந்தாலே காணும்."

என் அப்பா கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டியே முதுகு கூனியவர். சாகும்போது அவரை நேராகப் படுக்க வைக்கவும் முடியவில்லை. அவருக்குச் செத்த பிறகு கண்டி டவுனில் ஒரு கடை கிடைத்திருக்கிறது. நான் அந்த வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போகாமல் இருந்தும், அங்கே எனக்கு ஒரு ஊரும் ஒரு அப்பாவும் தயாராக இருந்திருக்கிறார்கள். விடுதியில் ஒரே தட்டில் சோறு தின்ற நாளிலேயே அவள் என்னை ஒளித்து வைக்கத் தொடங்கியிருக்கிறாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுததும் அவள்தான், என் அப்பாவை அழித்துவிட்டு எழுதியதும் அவள்தான். இரண்டும் உண்மை என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். மகள் போனை வைத்தாள்.

இஸ்தோப்பில் மெழுகு தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. கணவர் உள்ளே வந்து வாசற்படியில் நின்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு வேற என்னத்தப் பேசத் தெரியும்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோல இருந்தது அவர் கேட்டது.

மகள் சும்மா விடவில்லை. "தாத்தாவுக்கு என்ன கடைன்னு கேட்டு வச்சிக்கங்கம்மா. பலசரக்கா, துணிக்கடையா? நான் மாத்திச் சொல்லிரக்கூடாதுல்ல" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நாலு வருஷமும் நான் கண்டியாம்மா? நீங்க என்னயப் பாக்க வந்தா, நீங்களும் கண்டியிலருந்து வரணுமா?"

நான் ஏசினேன். தோழியை, அவள் அம்மாவை, யாழ்ப்பாணத்தை, முறுக்கு உரலைக்கூட ஏசினேன். வருடா வருடம் இங்கே வந்தபோது அவர்கள் எடுத்த போட்டோக்களை மகள் தன் போனில் தேடிப் பார்த்தாள். கிரகரி ஏரிக்கரையில் நிற்கிறார்கள். ஹக்கலைப் பூங்காப் பூக்களுக்கு நடுவில் நிற்கிறார்கள். தேயிலைச் செடிகளுக்குள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒன்றுகூட எடுக்கவில்லை. எங்கள் தேயிலை அழகாகத்தான் இருந்திருக்கிறது. அதைப் பறிக்கிறவர்கள்தான் படத்துக்கு ஒத்துவரவில்லை.

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. இடையில் ஒரு பொழுது, பரவாயில்லை, பிள்ளை பத்திரமாக ஒரு வீட்டில் இருந்தால் போதாதா, ஒரு ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றுகூட யோசித்தேன். தாய்க்காரி அப்படியும் யோசிப்பாள். ஆனால் மகள் அதற்குள் பாடசாலை அதிபரைப் பார்க்கப் போய், யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருக்கும் ராகலைத் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் இருவரின் நம்பரை வாங்கி வந்துவிட்டாள். அவர்கள் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம், இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறதாம்.

"நான் அங்க இருந்துக்கிறேம்மா. அவங்களுக்கு நான் யாருன்னு தெரியும்" என்றாள். கணவர் தலையை ஆட்டினார்.

ஆகவே தோழியை அழைத்தேன். நாங்கள் வந்து ஊர் பார்த்துவிட்டு லொட்ஜிலேயே தங்கிக்கொள்கிறோம், மகளுக்கும் வேறு இடம் பார்த்தாகிவிட்டது என்று சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மறுப்பாள் என்று காத்திருந்தேன். "விசர்க்கதை கதையாதேயும், அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன், நீர் நீராகவே வாரும்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிட நான் தயாராக இருந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்த இழுபறியைத்தான் எதிர்பார்த்தேன்.

அவள் மூச்சை விட்டாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவள் விடும் மூச்சு அது.

"அதுதான் நல்லது" என்றாள். குரல் பழையபடி கலகலப்பாகிவிட்டது. "நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உங்களைப் பாக்கிறன். நல்லூருக்கு இந்த முறை சரியான சனம், வெள்ளனப் போயிடுங்கோ. மற்றதை ஏப்ரலில நாங்கள் உங்கட வீட்டை வரேக்குள்ள ஆறுதலா இருந்து கதைப்பம், என்ன?"

"வாங்க" என்றேன்.

வீட்டுக்கு வருகிறோம் என்று யார் சொன்னாலும் எங்கள் வாயில் வேறு சொல் வராது. சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.