ஒரே ஒரு முகமூடி

எந்தக் கதவைத் திறக்கும் முன்பும் அந்த அம்மா அதில் காதை வைத்துக் கேட்பார். லிஃப்ட் கதவைக்கூட விடமாட்டார். நான் சிரித்திருக்கிறேன்.

அபுதாபியில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த ஹோட்டலுக்கு, தங்கள் குடும்பத் தோட்டத்துத் திராட்சையில் செய்த நுரைக்கும் வைனை லெபனானிலிருந்து அவரே கொண்டுவந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, இடது கன்னத்தில் நீளத் தழும்பு. வீட்டில் வேலைசெய்த இலங்கைப் பெண்ணிடம் கற்ற தமிழில் என்னோடு பேசுவார்.

காலையில் ஸ்டோர் ஏசி நின்றுபோனதை நான் மதியம்தான் கவனித்தேன். தகரக் கூரைக்குக் கீழே அவருடைய பெட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. கூட வந்த அவர், கதவைத் திறக்க ஓடிய என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். உள்ளே வேட்டுச் சத்தம்.

"மேடம், என்னது?"

"போத்தல். ஒண்டு வெடிச்சா பக்கத்தில இருக்கிறதும் வெடிக்கும்."

பையிலிருந்து கம்பிவலை முகமூடி ஒன்றை எடுத்து என் முகத்தில் மாட்டினார். பட்டியை என் பிடரியில் இறுக்கிக் கட்டினார்.

"அப்ப உங்களுக்கு?"

"மாஃபி, இல்ல. ஒண்டுதான் இருக்கு. யல்லா, எனக்குப் பின்னால வா."

கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு வெறும் முகத்தோடு உள்ளே போனார். இன்னொரு வேட்டுச் சத்தம் கேட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாக அவரே தூக்கி வந்து வெளியே வைத்தார்.

முகமூடி போட்டிருந்த நான் கடைசிவரை வாசலைத் தாண்டவில்லை.