மூன்றாவது லெம்மா நலமா

பேராசிரியர் பதவிக்கு இன்னும் ஒரே ஒரு கட்டுரைதான் குறை என்ற நிலையில் இருக்கும் கணிதக்காரன் யாரையும் நம்ப மாட்டான். நான் முதலில் சந்தேகப்பட்டது பக்கத்து அறைக்காரரை.

கோவையில் எங்கள் துறையில் ஒருவருடைய ஆராய்ச்சியை இன்னொருவர் விசாரிக்கும் வழக்கமே கிடையாது. மகளுக்கு வரன் அமைந்ததா, சிறுவாணித் தண்ணீர் வந்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இவரோ, துறைக் கருத்தரங்கில் நான் என் புதுத் தேற்றத்தைச் சொன்ன மறுநாளே விசாரிக்க ஆரம்பித்தார். அதுவும் தேற்றத்தை அல்ல. பெரிய தேற்றத்தைத் தாங்க முட்டுக்கொடுக்கும் சின்னத் தேற்றங்களை லெம்மா என்போம். அதில் மூன்றாவதை மட்டும்.

“ஏனுங்க சார், அந்த மூணாவது லெம்மா நல்லா இருக்குதுங்களா?”

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பது போல இருக்கும். நன்றாக இருக்கிறது என்பேன். அப்படிங்களா என்று தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு திங்கட்கிழமை தோட்டத்துத் தேங்காய் ஒரு பை கொண்டுவந்து வைத்தார். எனக்கு உறுதியாகிவிட்டது. ஆள் என் லெம்மாவைத் தூக்கிப்போய் எனக்கு முன்னால் அச்சேற்றப் போகிறார். அன்றிலிருந்து கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டே வீட்டுக்குக் கிளம்பினேன். தேங்காயை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்னியில் சதி எதுவும் தெரியவில்லை.

கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போவதாகக் கேன்டீனில் அவர் காதுபட அறிவித்தேன். எச்சரிக்கையாகத்தான். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மழை, பஸ், கொப்பரை விலை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“தப்புன்னு சொல்லலீங்க. அதுல இருக்கறதுலயே பெரிய எண்ணை எடுத்துக்கறேன்னு எழுதிப்போட்டீங்க. எண்கள் முடிவில்லாமப் போயிக்கிட்டே இருந்தா, பெருசுன்னு ஒண்ணு இருக்கோணுமுங்களா?”

இருக்க வேண்டியதில்லை. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் மார்க்கைக் குறைக்கும் பிழை. மனிதர் இத்தனை நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தேங்காய் அநேகமாக ஆறுதலுக்கு.

மறுவாரம் இருவரும் உட்கார்ந்து, எண்களின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தோம். தேற்றம் இளைத்துப்போனது, பிழைத்துக்கொண்டது. உங்கள் பெயரையும் ஆசிரியராகச் சேர்க்கிறேன் என்றேன். அவருக்கும் பதவி உயர்வு நிலுவையில்தான் இருக்கிறது.

“எம்பேரு எதுக்குங்க, வேண்டாமுங்க. நீங்களே போட்டுக்கோங்க சார்” என்று சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்துவிட்டார்.

சும்மா வரும் கட்டுரையில் பெயர் வேண்டாம் என்ற பல்கலைக்கழக ஆசிரியரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.