நான்கு முறை ஒலித்த தொலைபேசி

ஆறாம் படிவ வகுப்பில் பொருளாதாரப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பள்ளி ஊழியர் வெளியே மணியடித்தார். ஒருமுறை அடித்தால் பாடம் மாறுகிறது, இரண்டுமுறை என்றால் ஆசிரியர்கள் அலுவலகத்துக்குப் போகவேண்டும், விடாமல் அடித்தால் எல்லாரும் திடலுக்கு ஓடவேண்டும். இருப்பது ஒரே மணி. எத்தனை முறை என்பதுதான் யாருக்கு என்று சொல்கிறது. இதையே வீட்டுத் தொலைபேசிக்கும் செய்தால் என்ன? அதற்குமேல் பாடம் காதில் ஏறவில்லை.

ஜார்ஜ் டவுனில் எங்கள் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. போன் வந்த வாரத்திலிருந்தே வேண்டாத அழைப்புகளும் வந்தன. எடுத்தால் மூச்சுச் சத்தம், இல்லாவிட்டால் சிரிப்பு. ஒருநாள் ஒருவன் தொலைபேசி இலாகாவிலிருந்து பேசுவதாக மலாயில் சொன்னான். கம்பிக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யப்போகிறார்களாம், தூசு கொட்டுமாம், போனைத் துணியால் மூடிவைக்க வேண்டுமாம். அம்மா தலையணை உறையைப் போட்டுக் கட்டிவிட்டு, கையில் துடைப்பத்தோடு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். வேலை விட்டு வந்த அப்பா பார்த்தார்.

"இன்னொரு தடவ இந்தக் கூத்து நடந்துச்சுன்னா போனைத் திருப்பிக் கொடுத்துடுவேன்."

அப்படி நடந்தால் எங்களைவிடப் பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் நட்டம். அவர் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு அழைப்பார். அத்தை ஒன்பதரைக்கே குளித்து, பவுடர் பூசி, போன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"அத்த, போன்ல மூஞ்சி தெரியாது" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

"தெரியாட்டி என்னாலா. குளிக்காம பேசினா அவருக்குத் தெரிஞ்சிடும்."

என் திட்டத்தை முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். வேண்டியவர்கள் இத்தனை முறை ஒலிக்கவிட்டு வைத்துவிட வேண்டும், பிறகு மறுபடி அழைக்க வேண்டும். அப்போதுதான் எடுப்போம். அப்பாவின் அலுவலகத்துக்கு இரண்டு, மாமாவுக்கு மூன்று. சுங்கை பாக்காப்பில் அக்காவைப் பெண் கேட்டிருந்த வீட்டாருக்கு நான்கு. "மூளைக்காரிடி நீ" என்றாள் அக்கா. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள் அவள். பட்டியலை அழகாகத் தட்டிக் கொண்டுவந்து, போனுக்கு மேலே சுவரில் அவளே ஒட்டினாள். இரண்டு வாரத்தில் வீடு அமைதியானது. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் என் புத்தியைப் பற்றிப் பேசினார். நானும் கேட்காதவள்போலப் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு பிற்பகல் போன் நான்கு முறை ஒலித்து நின்றது. மறுபடி ஒலித்ததும் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"கேக்குதுங்களா? கேக்குதுங்களா? சுங்கை பாக்காப்லேருந்து பேசுறோம். ஜாதகத்த வேற எடத்துலயும் காட்டுனோம், சரியா வரலைங்க. மனசுல வச்சிக்காதீங்க."

யாராவது வெறுமனே அழைத்து இதைச் சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். நான்கு முறை ஒலித்துவிட்டதே, ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் திருப்பி அழைக்கவில்லை. ஏன் வேண்டாம் என்று பெண் வீட்டார் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கேட்டால் கெஞ்சியதாகிவிடும்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "வெத்தல பாக்குக்கு நாள் சொல்றேன்னீங்க, அப்புறம் சத்தத்தையே காணோம். பெரிய எடம் கெடச்சிருச்சாண்ணே?" அவர்கள் வீட்டிலிருந்து யாருமே எங்களை அழைக்கவில்லை. அதற்குள் வேறு பெண்ணையும் பார்த்து முடித்திருந்தார்கள்.

நான்கு என்பது வேறு யாருக்குத் தெரியும்? அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரை விட்டால், பட்டியலுக்குக் கீழே வாரம் தவறாமல் உட்கார்ந்திருக்கும் வெளியாள் அத்தை ஒருவர்தான். குரல் அவருடையது இல்லைதான், யாரையாவது விட்டுப் பேசவைத்திருப்பார். இதை அப்பா, அம்மா, அக்கா எல்லார் முன்னாலும் கணக்குப் பாடம்போல விளக்கினேன். அம்மா நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"என் பொண்ணு வாழ்க்கையில ஏன் கை வச்சீங்க?"

"நானா?" என்றார் அத்தை. கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அத்தை வரவில்லை. பத்து மணிக்கு மூன்று முறை ஒலித்து நின்று, மறுபடி ஒலித்தது. நான் எழுந்தேன். "எடுக்காத" என்றார் அப்பா. அது தானாக ஓயும்வரை ஒலித்தது. அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படி நான்கு ஞாயிறுகள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அம்மாவின் மருந்தை வாங்கிவரச் சொல்வதற்காக அக்காவின் அலுவலகத்துக்கு அழைத்தேன். எப்போதும் அக்காதான் எடுப்பாள். அன்று வேறொருத்தி எடுத்தாள்.

"கேக்குதுங்களா? கேக்குதுங்களா?"

சுங்கை பாக்காப்பிலிருந்து பேசுவதாகச் சொன்ன அதே குரல். மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றேன், எங்கள் வீட்டுக்கு அழைத்துத் தொல்லை கொடுத்தவர்களைப் போலவே. பிறகு வைத்துவிட்டேன்.

மாலையில் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"வேலய விட்டுட்டு வரணும்னு சொன்னாங்கடி. வேணாம்னு அப்பாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். காதுல வாங்கினாரா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"உன்கிட்டயா? அதுக்கும் ஒரு திட்டம் போட்டு, ஹால்ல எழுதி மாட்டியிருப்ப." சிரித்தாள்.

"அப்ப அத்த?"

"அவங்க பேர நானா சொன்னேன்? நீதானே சொன்ன." கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள். "கொஞ்ச நாள் போவட்டும்லா. எல்லாம் ஆறிடும்."

கல்யாணம் வேண்டாம் என்றதில் எனக்கு அவள்மேல் கோபமில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் அவள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் என் திட்டத்தை மெச்சியபடியே அதைக் கொண்டு என்னையே ஏமாற்றினாள். நான் ஒரு நிரபராதியைப் பிடித்துக் கொடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தாள். நான்கு வாரம் ஒரே பாயில் என் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவள் சொன்னதில் ஒன்று உண்மை என்பது அதைவிட மோசம். பெயரைச் சொன்னது நான்தான்.

இன்று சனிக்கிழமை. எல்லாம் ஆறட்டும் என்று அக்கா காத்திருக்கலாம், என்னால் முடியாது. நாளைக்கு ஒன்பதரைக்கு அத்தை வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன். நான் செய்ததை முதலில் சொல்வேன், பிறகு அக்கா செய்ததை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை, ஆனால் அத்தையை அவர் கண் முன்னாலேயே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைப்பேன். அத்தை கதவைத் திறக்காவிட்டால், பத்து மணிக்கு யார் தடுத்தாலும் நானே போனை எடுத்து, வைத்துவிடாமல் இருக்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு, மறுபடி ஓடிப்போய்த் தட்டுவேன்.