அப்பா காத்த பத்து நகங்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், என் கல்யாண சமயத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் நாமக்கல். அப்பா, லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். மாப்பிள்ளை வீடு சேலம்.

ரிசப்ஷனுக்கு அக்ரிலிக் நகம், அதாவது ஒட்டு நகம், வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. என் சொந்த நகம் வளர்வதற்குள் உடைந்துவிடும். 'இதெல்லாம் ஒரு செலவா?' என்று அம்மா முறைத்தாள். அப்பா மறுபேச்சு பேசாமல் பஸ் ஏற்றி, சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு பார்லருக்குக் கூட்டிப் போனார்.

அந்தப் பார்லர் பெண் ரொம்பப் பொறுமைசாலி. நகத்தின் அடித்தோலைப் பின்னால் தள்ளி, மினுமினுப்பு போகத் தேய்த்து, ஏதோ திரவத்தால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டவே ஆரம்பித்தாள். துளி எண்ணெயோ ஈரமோ இருந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போனால் சொந்த நகமும் கெட்டுவிடும், பாத்திரம் கழுவினால் கையுறை போட வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். நான் எங்கே கேட்டேன்? கண்ணெல்லாம் கலர் மேல். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"பெயிண்ட்டும் இப்படித்தானுங்க. பிசுக்கு மேல அடிச்சா பொரிஞ்சு வந்துரும்" என்றார். அவள் சிரித்துவிட்டு, மீதியை என்னிடம் சொல்லாமல் அவரிடமே சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்தைக் கேட்காதீர்கள். பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக அப்பா பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவார். நான் ஒரு டம்ளரைத் தொட்டால் போதும், "வையி சாமி, ஒட்டு உட்ரும்" என்பார். பெண்ணைக் கெடுப்பதே நீங்கள்தான் என்று அம்மா புலம்பிக்கொண்டே இருப்பாள். நலங்கு அன்று இன்னும் மோசம். எண்ணெயும் மஞ்சளுமாகப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். கையில் மாஸ்கிங் டேப். பெயிண்ட் அடிக்கும்போது லாரிக் கண்ணாடி மேல் படாமல் ஒட்டுவார்களே, அதே டேப். என் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகச் சுற்றினார். கல்யாணப் பெண்ணா, கையில் அடிபட்டு வந்தவளா என்று அத்தைமார்கள் சிரித்துத் தள்ளினார்கள். எனக்கு மானம் போனது. சந்தோஷமாகவும் இருந்தது.

ரிசப்ஷன் மேடையில் அப்பா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நகம்கூடத் தூக்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லித்தான் என் கணவர் காரில் கூட்டிவந்தார். தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கம், இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கு முன் பிள்ளைகள் எண்ணெயும், சீயக்காய் மாதிரி தேய்க்கும் அரப்புப் பொடியும் அவர் தலையில் வைக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். கையை நீட்டினேன். ரோஜா நிறத்தில், கல் பதித்த நகங்கள் பளபளத்தன. பின்னால் யாரோ அதைப் பார்த்துக் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. என் கையே எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிக்கொண்டு ஒரு நகத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன். அசையவில்லை. கொஞ்சம் தூக்கியிருந்தால்கூடப் பிய்த்திருப்பேன். எதுவுமே தூக்கியிருக்கவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துப் பாதுகாத்திருந்தார் மனுஷன். சதை கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அழுதுகொண்டிருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"புடுங்காத சாமி. ஒட்டு உடக்கூடாதுன்னு அந்த மனுசன் எத்தனை பாடுபட்டாரு. இந்தக் கையிலயே வையி."

வைத்தேன். எண்ணெய் என் விரலெல்லாம் வழிந்தது. அப்பாவின் காதோரம் கொஞ்சம் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அரப்புப் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

சில வாரம் கழித்து, அந்த நகங்களை எடுத்துவிடச் சொல்லிப் பார்லர் பெண் போன் செய்தாள். நகம் வளர்ந்த இடைவெளியில் தண்ணீர் தேங்கினால் கெடுதல் என்று பயமுறுத்தினாள். எனக்கு மனசு வரவில்லை. அடியில் சொந்த நகம் வளர வளர, நுனியை மட்டும் வெட்டிக்கொண்டே வந்தேன். சில நகங்கள் தானே விழுந்தன. கடைசியாகக் கட்டைவிரலில் ஓர் அரிசி அளவு மிஞ்சியது. ஒரு காலையில் அதையும் வெட்டியபோது நான் அழுத அழுகையில், சமையலறையிலிருந்து கணவர் ஓடிவந்தார்.

அப்பா என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார், எல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் ஒன்றுக்கும் உதவாத என் சின்ன ஆசையைக்கூட உதவாதது என்று அவர் ஒரு தடவையும் சொன்னதில்லையே, அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.