கோமளம் டீச்சரின் முன்பல்

கோமளம் டீச்சருக்கு முன்பல் போனதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவளே உருட்டி, அவளே பொரித்த சீடைதான் காரணம். கோகுலாஷ்டமி அன்று நைவேத்தியம் ஆனதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். ஒரு பல் உடைந்தது, பக்கத்துப் பல் ஆடிப்போனது. மறுநாள் பல் டாக்டர் இரண்டையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறிக் கட்டுப்பல் வைக்க ஒரு மாதம் ஆகும் என்றார். கணவர் சங்கரன் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. "சீடைன்னு சொல்லிண்டு கோலிக்குண்டுன்னா பொரிச்சிருக்கே, கோமு" என்றார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

பேசவும் முடியவில்லை என்பதுதான் நிஜம். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? 'த' வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் காற்று வந்தது. வேறு வேலையில் இருப்பவளாக இருந்தால் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம். அவளோ மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளியில் இருபத்தேழு வருஷமாக ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

மெய்யெழுத்துகளை 'இக், இங், இச்' என்று பாட்டாகப் பாட வைத்துவிட்டு மறுவேலை பார்ப்பது ஒரு வழி. பாட்டு வரும், படிப்பு வராது. நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினால், பிள்ளை பழையபடி முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் கண்டுபிடிக்கும். கோமளத்துக்கு இது அறவே ஆகாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வாய்க்குள் ஒரு வீடு உண்டு என்பாள். 'க்' தொண்டையில் குடியிருக்கிறது, 'ப்' உதட்டில். 'ம்' சொல்லும்போது மூக்கைத் தொட்டால் உள்ளே ஆள் இருப்பது தெரியும். வாயை ஆவென்று திறந்து நாக்கு எங்கே போய் ஒட்டுகிறது என்று காட்டுவாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். வீடு தெரிந்த பிள்ளை எந்த எழுத்தையும் தனியாகப் பார்த்தே படித்துவிடும்.

அந்த வாயைத்தான் இப்போது மூடினாள். பீரோவில் மிச்சமிருந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போய், சளி என்று புளுகினாள். மத்தியானம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். ஐம்பத்துநாலு வயதில் என்ன வெட்கம் என்று கேட்கலாம். பல் போகாதவர்கள் கேட்பார்கள்.

பாடமும் பார்த்துப் பார்த்து அந்த வாரம்தானா 'த்'தில் வந்து நிற்கவேண்டும்? நாக்கு மேல்பல்லில் போய் முட்டுகிற சத்தம் அது. காட்டுவதற்குப் பல் இல்லை. வேறு வழி தெரியாமல் அவளும் பாட்டுக்கே வந்து சேர்ந்தாள். வகுப்பு கூரை அதிரப் பாடியது. ஜுவேரியா மட்டும் பாடவில்லை.

ஜுவேரியாவின் அப்பா மெஹபூப் அலி, பஜார் ரோட்டில் பையும் குடையும் ரிப்பேர் செய்பவர். அந்த வருஷம் வகுப்பில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது அவள்தான். டீச்சருக்குப் பல் போன அதே மாதம் அவளுக்கும் மேலே இரண்டு பால்பற்கள் விழுந்தன. 'பந்து' என்று படிக்கப்போய் விசில் வந்தது. பின்வரிசை ஜெயராம் சிரிக்க, கூடவே நாலு பேர் சிரித்தார்கள். அன்று கர்ச்சீப்பை எடுத்து வாயை மூடியவள்தான். கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று கோமளம் விட்டுவிட்டாள். மூன்று வாரம் ஓடிப்போனது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஜுவேரியாவின் அம்மா வஜீஹா வந்து நின்றாள். பிள்ளை வீட்டிலும் புத்தகத்தைத் தொடுவதில்லை, படிப்பு ஏறவில்லை என்று அவள் அப்பா முடிவே கட்டிவிட்டார், திங்கட்கிழமை டி.சி. வாங்கி வேறு பள்ளியில் மறுபடியும் யு.கே.ஜி.யில் சேர்க்கப்போகிறார் என்றாள். அது படிக்கிற பிள்ளை, அந்தக் கர்ச்சீப்பை எடுத்தால் போதும், நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று கோமளம் கேட்டாள்.

வஜீஹா தரையைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். சொல்லாமயா கீறேன்? 'டீச்சருக்கும் பல்லு இல்ல அம்மி, அவங்களே மூடிக்கினுதான் கீறாங்க, பல்லு இல்லாதவங்க மூடிக்கணும்'ங்குது. நீங்க தண்ணி குடிக்கசொல்லோ பாத்துச்சாம். யார்கிட்டயும் சொல்லிடாத, டீச்சர் அழுவாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு."

கோமளம் அன்று பஸ் ஏறவில்லை. மாட வீதிக் கூட்டத்தில் யாரையும் பார்க்காமல் நடந்தே வீட்டுக்கு வந்து, சங்கரனிடம் சொல்லி அழுதாள். சத்தம் சத்தமாக இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவள், ஒரு வார்த்தை பேசாமலே இப்படி ஒரு பாடத்தை நடத்தி வைத்திருக்கிறேனே என்று மனசு ஆறவில்லை. சங்கரன் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே மெஹபூப் அலி வந்துவிட்டார். டி.சி.க்கான மனு சட்டைப் பையில் இருந்தது. பத்தே நிமிஷம் வாசலில் நில்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு கோமளம் உள்ளே போனாள். போய், மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

முதலில் ஜெயராம் கிளுக்கென்றான், எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் 'த்' சொல்லிக் காட்டினாள். காற்றுதான் வந்தது. 'த்' வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது, இனி நாக்கு எங்கே போகும், எனக்கே தெரியவில்லை, யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். அவள் நடிக்கவில்லை, உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

ஜுவேரியா எழுந்து வந்தாள். டீச்சர் வாய்க்குள் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாள். பிறகு கர்ச்சீப்பை இறக்கினாள்.

"பல்லு வேணாம் டீச்சர். மேல ஈறு கீதுல்ல, அதுல நாக்க வெச்சு அழுத்துங்க. வரும்."

ஆவென்று திறந்தும் காட்டினாள். கர்ச்சீப்புக்குப் பின்னால் மூன்று வாரமாகப் பிள்ளை இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. கோமளம் நாக்கை வைத்து அழுத்திப் பார்த்தாள். முதல் தடவை காற்று, இரண்டாம் தடவையும் காற்று. மூன்றாவது தடவை 'த்' வந்தது. வகுப்பு கைதட்டியது. புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். ஜுவேரியா 'பந்து' படித்தாள், 'தட்டு' படித்தாள், நடுநடுவே விசில் வந்தாலும் நிற்காமல் பக்கம் முழுக்கப் படித்தாள். வாசலில் மெஹபூப் அலி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை. அவர் மனுவைப் பையிலிருந்து எடுக்காமலே கடைக்குத் திரும்பிப் போனார்.

அந்த வாரக் கடைசியில் கட்டுப்பல் தயார், வந்து வைத்துக்கொள்ளலாம் என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஜுவேரியாவுக்குப் பல் முளைத்து எட்டிப் பார்க்கட்டும், அப்புறம் வருகிறேன் என்றாள் கோமளம். போனில் பேசிய பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி மேடம் என்று வைத்துவிட்டாள்.